லைம் நோய்க்குப் பிறகு கவனம் நிற்கவில்லை, ஆடரால் எடுத்துக்கொள்ளலாமா?

கேட்பவர்: கனெக்டிகட்வாசி

வயது 43. ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஜூனில் கொல்லையில் கத்தரி நாற்று நட்ட சில நாட்களில் முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்தது. கொசுக்கடி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. காய்ச்சலும் கழுத்து வலியும் சேர்ந்துகொண்டன. மருத்துவர் பார்த்தவுடனே, உண்ணி கடித்து வருகிற லைம் நோய் என்றார். அந்த உண்ணி கசகசா அளவுதான் இருக்குமாம். அது என் கண்ணில் படவே இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி., காலையும் இரவும், 14 நாட்கள். தடிப்பு போய்விட்டது.

எட்டு மாதமாகியும் மறதி போகவில்லை. குக்கர் வைத்தால் வந்தது மூன்றாவது விசிலா நான்காவதா என்று தெரியவில்லை. ஒரே ரசீதை இரண்டு முறை பதிந்துவிட்டு, மாலை வரை கணக்கு ஏன் உதைக்கிறது என்று தேடினேன். நீண்ட பட்டியலை மனதிலேயே கூட்டிச் சொல்கிறவள் நான். இப்போது பத்து வரிக்குள் பிடி நழுவிவிடுகிறது. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

"ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கிற ஆடரால் 10 மி.கி. எழுதித் தரவா?" என்று மருத்துவர் கேட்கிறார். ஏ.டி.ஹெச்.டி. என்பது சிறுவயதிலேயே தொடங்குகிற கவனச்சிதறல் குறைபாடாம். ஆடரால் ஆம்ஃபெடமின் என்ற ஊக்கமருந்து வகை என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. லைம் வந்தவர்கள் யாராவது எடுத்திருக்கிறீர்களா? வேலை போய்விடுமோ என்ற கவலையில் கேட்கிறேன்.

பதில் 1: பாஸ்டன் தம்பி

அக்கா, எனக்கு ஏ.டி.ஹெச்.டி. சிறுவயதிலிருந்தே உண்டு, 31 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கான மெதில்ஃபெனிடேட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோதே 2021இல் லைமும் வந்தது. இரண்டும் எனக்கு வேறு வேறாகத்தான் தெரிந்தன. பழைய தொந்தரவில் மனம் தாவும். ஆனால் உடம்பில் தெம்பு இருக்கும். லைமுக்குப் பிறகு மனம் தாவக்கூட இல்லை, சேற்றில் கால் வைத்ததுபோல் நின்றுவிட்டது. மாத்திரை போட்டால் நான்கு மணி நேரம் நன்றாக வேலை ஓடும். சரியாகிவிட்டது என்று நம்பி, வீடு முழுக்கச் சுத்தம் செய்தேன். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். மருந்து களைப்பை மறைத்ததே தவிர, போக்கவில்லை. எடுத்தால், அந்த நான்கு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பாயாதீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆனது.

பதில் 2: ஓய்வுபெற்ற மருந்தாளர், நியூ ஜெர்சி

அம்மா, பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம். லைமுக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேல் களைப்பும் வலியும் மறதியும் சிலருக்கு நீடிப்பது உண்மை. நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதல்ல. ஆனால் அந்த மறதிக்கென்று எஃப்.டி.ஏ. (அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றும் இல்லை. மருத்துவர் தம் அனுபவத்தை வைத்து ஆடரால் எழுதலாம், அதில் தவறில்லை. ஏ.டி.ஹெச்.டி. என்று பெயர் வைப்பதானால் மட்டும் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். 42 வயதில் திடீரென்று தொடங்கியது என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். லைம் கிருமி சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுக்கும். பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்து, மருந்தில் சரியாகிவிடும். ஆனாலும் ஆடரால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிற மருந்து. பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. ஏ.டி.ஹெச்.டி.க்கே கொடுக்கிற இன்னொரு மருந்தான அடமாக்செட்டின் ஆம்ஃபெடமின் வகை அல்ல, பலன் தெரியச் சில வாரமாகும். அதுவும் நாடியை ஏற்றும். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சைவமா நீங்கள்? வைட்டமின் பி12, தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) மூன்றையும் பாருங்கள். பி12 குறைந்தாலே இதே மறதி வரும். நம் சைவக் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தூக்கம் எப்படி என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாதக்கணக்கில் ஊசிவழி ஆன்டிபயாடிக் ஏற்றினால் மூளை தெளியும் என்று யாராவது பணம் கேட்டால் போகாதீர்கள். முறையான ஆய்வுகளில் நிலைத்த பலன் தெரியவில்லை. நரம்பில் பொருத்திய குழாய் வழியே கிருமி தொற்றித் துன்பப்பட்டவர்கள் உண்டு. தெரிந்தவர் வீட்டு ஆடராலையும் வாங்கிப் போடாதீர்கள். அது சட்டத்தின் கடும் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும்.

கனெக்டிகட்வாசி (மூன்று வாரம் கழித்து)

இருவருக்கும் நன்றி. ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ஐயா கேட்டதுபோல் நான் சைவம்தான். பி12 குறைவு என்று வந்திருக்கிறது, ஊசி தொடங்கியாயிற்று. எல்லாம் அதனால்தானா என்று மருத்துவருக்கே உறுதியில்லை. என் சிறுவயதைப் பற்றிக் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "நீயா? கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்க மாட்டாயே" என்றார். அதையும் மருத்துவரிடம் சொன்னேன். ஆடராலை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். நினைவாற்றல் சோதனைக்கு ஏப்ரலில் நாள் கிடைத்திருக்கிறது. ரசீதுகளைக் காலையிலேயே பதிந்துவிட்டு, மதியம் அரை மணி நேரம் படுத்துக்கொள்கிறேன். குக்கர் பக்கத்தில் சுண்ணக்கட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கோடு.