மறுமொழி: நஞ்சா, ஊறா? மூலிகையால் கல்லீரல் கெடுவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க மரபு மருந்துகளின் பாதுகாப்பு பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பி போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'ஹெர்ப் இண்டியூஸ்டு லிவர் இஞ்சுரி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. வந்த மறுமொழிகளில் மூன்றை எடுத்துப் போடுகிறேன்.

> 'மூலிகை நச்சுமை' போதுமே. டாக்சிசிட்டிக்கு நச்சுமை ஏற்கெனவே புழங்குகிறது.

> மூலிகையோடு நஞ்சு என்ற சொல்லை ஒட்டவைக்காதீர்கள். ஒரு தடவை அச்சேறிவிட்டால் எங்கள் மருந்து எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் விழுந்துவிடும்.

> பேசாமல் 'மூலிகையால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பு' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது மறுமொழி நம் சித்த மருத்துவர் ஐயாவுடையது. நஞ்சு வேண்டாம் என்பதில் நான் அவர் பக்கம். ஆனால் என் காரணம் வேறு. நான் திசுநோயியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்லைடு பார்க்கிறவள், அதாவது உறுப்புத் திசுவின் மெல்லிய சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறவள். அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இந்தச் சொல் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

தம்பியின் கட்டுரையிலேயே வரும் இம்பிலாவை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில், இன்றைய குவாசுலு-நட்டால் பகுதியில், ஜூலு மக்கள் பயன்படுத்தும் செடி அது. சூரியகாந்தி வகையறா. நிலத்துக்கடியில் இருக்கும் கிழங்குதான் மருந்து. வயிற்றுக்கோளாறு, பூச்சி, இருமல், ஆண்மைக்குறைவு, கெட்ட ஆவி அண்டாமலிருக்க என்று பலதுக்கும் கொடுப்பார்கள். குடிக்கவும் கொடுப்பார்கள், எனிமாவாகவும் ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஜூலு மொழியில் அந்தப் பெயருக்கு உடல்நலம் என்று பொருள்.

1970களில் டர்பன் நகர மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். வாந்தி, வயிற்றுவலி, வலிப்பு, மயக்கம் என்று குழந்தைகள் வருவார்கள். இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் ஒன்றாகச் செயலிழக்கும். பெரும்பாலான குழந்தைகள் ஐந்து நாள்களுக்குள் இறந்துபோனார்கள்.

அந்தக் கல்லீரலின் ஸ்லைடில் என்ன தெரியும்? கல்லீரல் சின்னச் சின்ன மடல்களால் ஆனது. ஒவ்வொரு மடலுக்கும் நடுவில் ஒரு சிரை. இரத்தம் மடலின் ஓரத்தில் நுழைந்து நடுச்சிரையை நோக்கி ஓடும். வழியில் இருக்கும் செல்கள் உயிர்வளியை எடுத்துக்கொண்டே வரும். நடுவில் இருப்பவற்றுக்குக் கிடைப்பது மிச்சம்தான். இம்பிலாவில் முதலில் செத்துக் கிடப்பவை இந்த நடுச்செல்களே. ஓரத்தில் இருப்பவை தப்பியிருக்கலாம். அதாவது ஸ்லைடில் ஒரு வடிவம் தெரிகிறது, நஞ்சு தெரிவதில்லை. நான் முதலில் சொல்ல வருவது இதுதான்.

ஏனென்றால் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலிலும் இதே நடுப்பகுதிதான் சாகும். அதிர்ச்சியில் இரத்த ஓட்டம் குறைந்து இறந்தவரிடமும் அப்படியே. மறுபக்கம், வலிப்பும் மயக்கமும் சர்க்கரை இறக்கமுமாக வரும் குழந்தைக்கு, மூளையும் கல்லீரலும் சேர்ந்து கெடும் ரை நோய் என்றும் நினைக்க இடமுண்டு; ஆனால் ரை நோயில் செல்களுக்குள் பொடிப்பொடியாகக் கொழுப்பு நிறைந்திருக்குமே தவிர இப்படி நடுவில் மொத்தமாகச் செத்துக் கிடக்காது. ஆகவே ஸ்லைடு சிலவற்றைப் பிரித்துக் காட்டும், சிலவற்றைக் காட்டாது. உடம்புக்கு என்ன ஆனது என்று சொல்லும். யார் செய்தது என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது. அதை வேதியியல்காரர் சொல்ல வேண்டும்.

அவர்கள் சொன்னார்கள். கிழங்கில் இருப்பது அட்ராக்டிலோசைடு என்ற நச்சுப்பொருள். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஆற்றல் மூலக்கூறை வெளியே அனுப்பிவிட்டு, செலவழிந்ததை உள்ளே வாங்கிக்கொள்ளும் ஒரு வாயில் உண்டு. அட்ராக்டிலோசைடு அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. செல் பட்டினியில் சாகிறது. இந்தப் பொருளுக்குப் பெயர் வந்தது இம்பிலாவிலிருந்து அல்ல, மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் வளரும் ஒரு முட்செடியிலிருந்து. அதன் வேரைக் காட்டுக் கூனைப்பூ என்று தவறாகத் தின்றும், அதில் வடியும் பிசினைக் குழந்தைகள் சூயிங்கம் போல மென்றும் இறந்திருக்கிறார்கள். கண்டத்தின் தென்கோடியில் ஒரு கிழங்கு, வடகோடியில் ஒரு முள்வேர். நஞ்சு ஒன்றே, உடம்பில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதலாவது மருந்து, இரண்டாவது தெரியாமல் தின்றது.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். நஞ்சு என்பது பொருளின் பெயர். உடம்பில் விழுந்த கேட்டின் பெயர் வேறாக இருக்க வேண்டும். அதற்கு நான் முன்வைக்கும் சொல் ஊறு.

மூலிகையால் வந்தால் மூலிகையூறு. மருந்தால் வந்தால் மருந்தூறு. உறுப்பைச் சொல்ல வேண்டுமானால் கல்லீரலூறு, சிறுநீரகவூறு. தம்பி கேட்டதற்கு 'மூலிகைக் கல்லீரலூறு'. 'ஈரலூறு' என்று குறுக்கலாமா என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நுரையீரலும் மண்ணீரலும் நமக்கு ஈரல்களே. மருத்துவத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

'பாதிப்பு' ஏன் கூடாது என்று கேட்டால், அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. மழையால் பாதிப்பு, விலையேற்றத்தால் பாதிப்பு, போக்குவரத்துப் பாதிப்பு. எதற்கும் வரும் சொல் ஆய்வறிக்கையில் எதையும் சொல்லாது. 'சேதம்' பொருளுக்கு. 'காயம்' என்றால் வெளியில் இரத்தம் வர வேண்டும். 'கேடு' பரவாயில்லை, ஆனால் அது ஒழுக்கத்துக்கும் போகும், நாட்டுக்கும் போகும். ஊறு உடம்பை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஐம்புலன்களில் தொடுவுணர்வுக்கே ஊறு என்றுதானே பெயர்? உடம்பின்மேல் ஒன்று படுவதும் ஊறு, பட்டதால் வரும் தீங்கும் ஊறு. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஊறுகாய் நினைவு வருமே என்று ஒரு தோழி தனி மடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஊறுகாயில் ஊறு முன்னால் நிற்கிறது, வினையாக. நம் சொற்களில் அது கடைசியில், பெயராக நிற்கிறது. 'ஊறு விளைவித்தல்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாரும் தடுமாறுவதில்லை.

நஞ்சு வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் உண்டு. இதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பயாப்சியோடு, அதாவது நோயாளியின் உறுப்பிலிருந்து எடுத்த திசுத்துணுக்கோடு, வரும் படிவத்தில் 'வேறு மருந்து: இல்லை' என்று எழுதியிருக்கும். ஸ்லைடைப் பார்த்தால் சந்தேகம் வரும். வார்டுக்குப் போன் செய்து, மருந்து என்று கேட்காமல் கஷாயம், சூரணம், நாட்டுப்பொடி ஏதாவது என்று கேட்கச் சொல்வேன். அரைமணி நேரத்தில் பதில் மாறும். மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை, அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். டர்பனில் அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். உடல்நலம் என்று பெயருள்ள கிழங்கை, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கொடுத்தவள். அவளிடம் போய் 'என்ன நஞ்சு கொடுத்தாய்?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அதில் பொய் இல்லை. உதடு மூடிவிடும், குழந்தையைக் காப்பாற்ற இருக்கும் சில மணி நேரமும் போய்விடும். ஆப்பிரிக்காவில் நோயாளிகள் மரபு மருந்து எடுத்ததை மருத்துவமனையில் சொல்லத் தயங்குவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நம் கலைச்சொல் நாளைக்கு ஒரு படிவத்தில் அச்சாகும். அதைப் பார்த்துச் செவிலியர் கேள்வி கேட்பார். குற்றம் சாட்டும் சொல் அங்கே இருக்கக் கூடாது.

மூன்றாவதாக, நஞ்சு என்றால் தமிழ்க் காதில் உடனே சாவது என்று பொருள். மூலிகையூறு பல நேரம் அப்படி வராது. நம் ஆடுதீண்டாப்பாளை சூடானிலும் வளர்கிறது, அங்கேயும் நாட்டு மருந்து. 1980களின் தொடக்கத்தில் சூடானில் அதை ஆடுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஆடுகள் நோயுற்றன, சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டன. தொடாதே என்று செடியின் பெயரிலேயே எழுதி வைத்த மொழி நம்முடையது. அதை ஆய்வகத்தில் ஆட்டைக் கொண்டே சோதித்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் என்ன செய்யும் என்று உலகம் உணர்ந்தது 1990களில், பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கியபோது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். மாத்திரை நிறுத்தி வெகுகாலமான பின்பு வருவதை நஞ்சு என்றால் யார் நம்புவார்கள்? 'காலந்தாழ்ந்த ஊறு' என்றால் புரிகிறது.

நோயின் பெயரை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1920இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செனீசியோ என்ற களைச்செடி கோதுமையோடு கலந்து, ரொட்டி சாப்பிட்டவர்களின் கல்லீரல் கெட்டது. 'செனீசியோ நோய்' என்று செடியின் பெயரையே வைத்தார்கள். 1954இல் ஜமைக்காவில், மூலிகைத் தேநீர் குடித்த குழந்தைகளிடம் அதே மாதிரி ஊறைக் கண்டு, கல்லீரலின் சிறு சிரைகள் அடைபடுவதை வைத்துப் பெயரிட்டார்கள். அப்புறம், ஊறு தொடங்குவது சிரையில் அல்ல, அதற்கு முன்பே நுண்ணிரத்தக் குழிகளின் உட்சுவர்ச் செல்களில் என்று தெரிந்தது, பெயரையும் மாற்றினார்கள். தமிழில் இதற்குச் சிரையடைப்பு என்று பழைய பெயரை மொழிபெயர்க்காமல் 'கல்லீரல் நுண்குழி அடைப்பு' என்றே தொடங்கிவிடலாம். செனீசியோவிலும் அந்தத் தேநீரிலும் இருந்த பைரோலிசிடின் ஆல்கலாய்டு வகை நஞ்சு நம் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் இருக்கிறது. 1970களில் மத்திய இந்தியாவின் சர்குஜா பகுதியில் சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்து ஊர் ஊராக வயிறு வீங்கி இறந்தார்கள். அது மருந்தே இல்லை, சோறு. ஆகவே அங்கே 'உணவூறு' என்று முன்னொட்டை மாற்றிக்கொள்ளலாம். 'நச்சுமை' இந்த வேறுபாட்டைக் காட்டாது.

சித்த மருத்துவர் ஐயாவுக்காக இன்னொன்று. பிரம்மதண்டைப் பாருங்கள். அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998இல் தில்லியில் பலர் இறந்தார்கள். அதே செடியின் இலை தண்டைக் காய்ச்சிய கஷாயத்தை மாலியில் மலேரியாவுக்குக் கொடுத்து, வழக்கமாகக் கொடுக்கும் மருந்தோடு ஒப்பிட்டு ஆய்ந்து, பயனுண்டு என்று கண்டார்கள். செடி ஒன்று, உறுப்பு வேறு, முடிவு வேறு. 'பிரம்மதண்டு நஞ்சு' என்று எழுதினால் மாலி ஆய்வைத் தூக்கி எறிந்ததாகிவிடும். 'பிரம்மதண்டு விதையெண்ணெயால் வந்த ஊறு' என்று எழுதினால் இரண்டு உண்மைக்கும் இடமிருக்கிறது.

இதோடு சேர்த்து, ஊறுக்கும் மூலிகைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதி என்று எடைபோடுவதற்கு 'காரண மதிப்பீடு' என்று வைத்துக்கொள்ளலாம். படிநிலைகளுக்கு உறுதி, பெரிதும் கூடும், கூடும், ஐயம். 'மூலிகையூறு: கூடும்' என்று அறிக்கையில் எழுத வரும். 'நஞ்சு: கூடும்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியமே நிற்காது.

பெத்தாலஜிக்கு 'நோயியல்' போதும் என்பது என் கருத்து. 'நோய்க்குறியியல்' என்றால் அறிகுறிகளைப் படிப்பது போலத் தொனிக்கிறது.

எனக்கு முடியாமல் நிற்பது ஒன்றுதான். மடலின் நடுப்பகுதி மட்டும் சாவதற்கு 'மடல்நடு மடிவு' என்று எழுதிப் பார்த்தேன். ஓசை பிடிக்கிறது, ஆனால் நெக்ரோசிஸ் (கேடு தாக்கிச் செல் சாவது), அப்போப்டோசிஸ் (செல் தன் திட்டப்படி தானே சாவது) இரண்டையும் 'மடிவு' என்றால் பிரிக்க முடியாது. முன்னதற்கு 'நசிவு', பின்னதற்கு 'தன்மடிவு' என்று வைத்தால் 'மடல்நடு நசிவு' வரும். இலக்கணம் தெரிந்தவர்கள் சரியா என்று சொல்லுங்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டுமாம். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆய்வக மேசையிலிருந்து உங்கள் தோழி