பட்கா (சீக்கியச் சிறுவர்கள் தலையில் கட்டும் துணி) கட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

டெல்லி திலக் நகரில் இருக்கிறோம். மாடி வீட்டு சர்தார் தம்பதி ஊருக்குப் போவதால் அவர்களுடைய ஏழு வயதுப் பையன் இந்த வாரம் எங்களோடுதான். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்கிற சீக்கிய அமைப்பை ஏற்படுத்திய நாளிலிருந்து கேசத்தை வெட்டாமல் காப்பது அவர்களுக்குக் கடமை. பையனுக்கு முடி இடுப்பைத் தொடுகிறது! கங்கா என்கிற மரச்சீப்பால் காலையும் மாலையும் சீவ வேண்டும். சரி, அதைச் சமாளித்துவிடுவேன். உச்சியில் ஜூடா (கொண்டை) போட்டு, சதுரத் துணியின் நாடாக்களை இழுத்து பட்கா கட்டுவதுதான் வரவில்லை; என் கைக்குப் பின்னல்தான் பழக்கம். ஓடி விளையாடினாலும் அவிழாமல் இருக்க எங்கே முடிச்சுப் போடுவது? தலைக்குக் குளித்த அன்று ஈரத்தோடு கட்டலாமா? அப்புறம், சீப்பில் வரும் முடியைக் குப்பையில் போடலாமா, தனியாக எடுத்து வைக்க வேண்டுமா? பஞ்சாபில் இருந்தவர்கள் சொல்லுங்கள், திங்கள் காலை பள்ளி இருக்கிறது.