மறு: மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போகும் ஆன்டி-ஆக்சிடன்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

> "மைட்டோகாண்ட்ரியா-இலக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும்தான். ஆனால் இலக்கு வைத்தது மருந்தை வடிவமைத்த வேதியியலாளர், மூலக்கூறு அல்ல. அது உள்ளே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லிலேயே காட்ட வழி இருக்கிறது.

இந்த வகை மருந்துகளில் ஒன்றான மைட்டோக்யூவை (MitoQ) எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மர்ஃபியும் ராபின் ஸ்மித்தும் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலையில் பிறந்தது. ஒரு முனையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் யூபிகுவினோன், மறுமுனையில் ட்ரைஃபீனைல்பாஸ்ஃபோனியம் என்ற நேர்மின் அயனி, நடுவில் பத்துக் கார்பன் சங்கிலி. பொதுவாக அயனிகள் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். இதிலோ மூன்று பென்சீன் வளையங்கள் அந்த மின்னூட்டத்தைப் போர்த்தியிருப்பதால் சுலபமாக நுழைந்துவிடுகிறது. இழைமணியின் (அதாவது மைட்டோகாண்ட்ரியாவின்) உட்பக்கம் எதிர்மின்னழுத்தம் கொண்டது, சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட். ஏறத்தாழ ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் செறிவு பத்து மடங்கு கூடும். கணக்குப் போட்டால் வெளியே இருப்பதைப் போலச் சில நூறு முதல் ஆயிரம் மடங்கு உள்ளே போய்க் குவியும். இத்தகைய அயனிகள் இப்படி ஈர்க்கப்படுவதை மாஸ்கோவில் லிபர்மன், ஸ்குலாச்சேவ் என்ற விஞ்ஞானிகள் 1969-லேயே காட்டிவிட்டார்கள்.

ஆகவே 'இலக்கு' என்பதற்குப் பதில் 'நாடும்' என்பது என் பரிந்துரை. ஒளிநாட்டம், நீர்நாட்டம் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. 'இழைமணிநாடி' என்று சுருக்க மட்டும் வேண்டாம், மருத்துவர்கள் நாடி பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்!

'இழைமணி' இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு மாணவருக்கு மைட்டோகாண்ட்ரியாதான் பழக்கம் என்பதால் கட்டுரையில் முதல் தடவை இரண்டையும் போட்டுவிடலாம்.

அடுத்தது 'எதிர்ப்பொருள்'. நோயெதிர்ப்பியலில் ஆன்டிபாடிக்கும் இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம். 'தடுப்பி' போதும். மைட்டோக்யூ செய்வதும் அதுதான்: அதன் ஒடுக்கப்பட்ட (எலக்ட்ரான் பெற்ற) வடிவம் கொழுப்பின் பெராக்சில் உறுப்புக்கு (ரேடிக்கலுக்கு) ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை நிறுத்தும், தான் ஆக்சிஜனேற்றம் அடையும். பிறகு சுவாசச் சங்கிலியின் இரண்டாம் கூட்டமைப்பு அதை மறுபடி ஒடுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 

இன்னொரு நண்பர் சொன்ன 'இழைமணிக் காப்பான்' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மைட்டோக்யூ இன்று துணைஉணவு மாத்திரையாகவும் விற்கப்படுகிறது, அந்தப் பெயர் நேராக விளம்பரத்துக்குப் போய்விடும். பார்க்கின்சன் நோயாளிகள் 128 பேரிடம் ஓராண்டு நடத்திப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மைட்டோக்யூ சாப்பிட்டவர்களுக்கு நோய் மெதுவாக முற்றியதாகத் தெரியவில்லை. முதியவர்கள் 20 பேரிடம் ஆறு வாரம் நடந்த 2018 ஆய்வில் ரத்தக்குழாய் விரியும் திறன் மேம்பட்டது உண்மை. நல்ல அறிகுறிதான், ஆனால் 20 பேரை வைத்துக் 'காப்பான்' பட்டம் கொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, அளவு மீறினால் யூபிகுவினோன் போன்ற குவினோன்களே சூப்பர்ஆக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் உறுப்பை உண்டாக்கவும் செய்யும்.

சரி, 'இழைமணி நாடும் ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்று வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. எஸ்எஸ்-31 எனப்படும் எலாமிப்ரெடைடு நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. இழைமணி உட்சவ்வின் கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொள்கிறது. அது தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிக்கல்களை) நேரடியாக அழிக்கிறதா, சவ்வின் அமைப்பைச் சீராக்குகிறதா என்பதில் பின்னதற்கே இன்று ஆதரவு அதிகம். அப்போது முன்பாதியை வைத்துக்கொண்டு 'இழைமணி நாடும் பெப்டைடு' என்று எழுதிவிடலாம், 'தடுப்பி'யை இழுக்க வேண்டியதில்லை.

இலங்கை நண்பர்கள் 'ஒட்சியேற்றத் தடுப்பி' என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. பின்பாதிக்கு 'தடுப்பி'யா 'தடுப்பான்'ஆ என்பதை மட்டும் சொல்லுங்கள், அகராதிப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன்.