இந்திய சிபிஎல்-ஐ (வணிக விமானி உரிமம்) இயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை) உரிமமாக மாற்றும்போது மல்டி இன்ஜினும் இரவுப் பறப்பும் தட்டுகின்றன: என்ன செய்வது?

திருச்சி_டவர்:
வணக்கம் நண்பர்களே. டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தந்த சிபிஎல் இருக்கிறது. மொத்தம் 212 மணி, பிஐசி (விமானத்தின் தலைமை விமானியாகப் பறந்தது) 108, அதில் பெரும்பகுதி செஸ்னா 172. மல்டி இன்ஜின் 18 மணி. ஐஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி) இன்னும் ஐந்து மாதம் செல்லும். ஆஸ்திரியா உரிமம் எடுக்க ஒரு பயிற்சிப் பள்ளிக்கு லாக்புக் பிரதியை அனுப்பினேன். மல்டி இன்ஜின் ரேட்டிங்கை அப்படியே ஏற்ற முடியாது, இரவுப் பறப்பு போதாது, 13 தேர்வும் எழுதியே ஆக வேண்டும் என்கிறார்கள். ஊரில் ஒரு ஏஜென்ட், "வேலிடேஷன் (இந்திய உரிமத்துக்குத் தற்காலிக ஒப்புதல்) வாங்கிவிடலாம், தேர்வே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி? மெடிக்கலை எந்தக் கட்டத்தில் எடுப்பது?

ரன்வே27:
பள்ளி சொன்ன மூன்றும் சரி. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வெளிநாட்டு உரிமங்களை ஏற்பதற்கான ஐரோப்பிய விதி 2020/723. அதன்படி வேலிடேஷன் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். பயணிகள் விமானத்தில் கோ-பைலட்டாகப் பறக்க அதைக் கேட்பவருக்கு மல்டி பைலட் விமானங்களில் 1,500 மணிக்கு மேல் இருக்க வேண்டும். 212 மணியோடு அந்த வாசல் திறக்காது.

உங்களுக்கு உள்ள வழி கன்வர்ஷன், அதாவது உரிமத்தையே இயாசா உரிமமாக மாற்றுவது. இதில் குறைவது பயிற்சி மணிநேரமும் வகுப்பு நேரமும் மட்டும். எவ்வளவு குறையும் என்பதை ஏடிஓ (அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பள்ளி) பரிந்துரைக்கும், உரிமம் தரும் நாட்டு ஆணையம் முடிவு செய்யும். தேர்வுகளும் ஸ்கில் டெஸ்டும் (பறந்து காட்டும் தேர்வு) அப்படியே நிற்கும்.

மல்டி இன்ஜின் ஏன் தட்டியது என்றால், வெளிநாட்டு கிளாஸ் ரேட்டிங்கை (ஒரு விமான வகைக்கான தகுதி) இயாசா உரிமத்தில் ஏற்ற அந்த கிளாஸில் 100 மணி பறந்திருக்க வேண்டும். உங்களிடம் 18. ஆகவே எம்இபி (மல்டி இன்ஜின் பிஸ்டன்) பயிற்சியை ஏடிஓ-வில் முறையாக எடுங்கள். 7 மணி வகுப்பு, குறைந்தது 6 மணி இரட்டைப் பறப்பு (பயிற்றுநரோடு). அந்த ஆறில் மூன்றரை மணி ஒரு இன்ஜின் செயலிழந்த நிலைக்கானது. முன்தேவையான 70 மணி பிஐசி உங்களிடம் தாராளமாக இருக்கிறது.

தேர்வு எழுதுவதென்றால் சிபிஎல் நிலையில் நிற்காமல் ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி உரிமம்) நிலையிலேயே எழுதுங்கள். ஐஆர் தியரியும் அதிலேயே அடங்கிவிடும், பின்னால் மறுபடி உட்கார வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் வேண்டும். டிஜிசிஏ-வின் 70-க்குப் பழகியவர்கள் இந்த ஐந்து மதிப்பெண்ணில்தான் நழுவுகிறார்கள். முதல் தேர்வு எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதத்துக்குள் 13-ஐயும் முடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு நான்கு வாய்ப்புதான். நான்காவதிலும் போனால் தேறிய பாடங்களும் சேர்ந்து போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். 13-ஐயும் ஒரே நாட்டு ஆணையத்தின் கீழ்தான் எழுத முடியும் என்பதால் ஆஸ்திரியாவா, அயர்லாந்தா, மால்டாவா என்பதை முதல் தேர்வுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேகமூட்டம்_8_8:
இரவுப் பறப்பைப் பற்றி. இயாசா கேட்பது மொத்தம் 5 மணி: அதில் 3 மணி இரட்டைப் பறப்பு, அந்த மூன்றில் ஒரு மணியாவது கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்கு வழி பார்த்துப் பறப்பது). இவற்றோடு 5 சோலோ டேக்ஆஃப், 5 சோலோ ஃபுல் ஸ்டாப் லேண்டிங் (இறங்கி முழுதாக நிற்பது). கடைசி ஐந்தில்தான் இந்திய லாக்புக்குகள் மாட்டுகின்றன. டச் அண்ட் கோ (தொட்டதும் மீண்டும் ஏறுவது) கணக்கில் வராது. ரிமார்க்ஸ் பத்தியில் "சர்க்யூட்ஸ்" என்று மட்டும் இருந்தால் சரிபார்ப்பவர் ஃபுல் ஸ்டாப் என்று தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். உண்மையில் ஃபுல் ஸ்டாப்தான் செய்தீர்கள் என்றால், பறந்த தேதி, விமானப் பதிவெண், லேண்டிங் எண்ணிக்கை மூன்றையும் குறிப்பிட்டு உங்கள் பழைய பள்ளியின் தலைமைப் பயிற்றுநரிடம் கடிதம் வாங்குங்கள். செய்யவில்லையென்றால் ஐரோப்பாவில் ஒரு இரவில் ஐந்தையும் முடித்துவிடலாம். லாக்புக்கில் பின்னால் எதையும் சேர்த்து எழுதாதீர்கள். ஆணையம் டிஜிசிஏ-விடம் நேரடியாகச் சரிபார்க்கும், முரண்பாடு தெரிந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

சிபிஎல்-க்கான 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரிப் பயணத்தையும் ஒருமுறை பாருங்கள். புறப்பட்ட இடம் தவிர வேறு இரண்டு விமான நிலையங்களில் ஃபுல் ஸ்டாப் லேண்டிங் பதிவாகியிருக்க வேண்டும்.

மெடிக்கல்தான் எல்லாவற்றுக்கும் முதல். முதல் கிளாஸ் 1 பரிசோதனையை ஏரோமெடிக்கல் சென்டரில்தான் எடுக்க முடியும், தனி டாக்டரிடம் முடியாது. விண்ணப்பத்திலேயே உரிமம் தரப்போகும் நாட்டின் பெயரைச் சரியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மெடிக்கல் ஃபைலை நாடு மாற்றுவதிலேயே வாரங்கள் ஓடிவிடும். நிறப் பார்வைக்கு 24 தட்டு இஷிஹாரா சோதனையில் முதல் 15 தட்டும் பிழையின்றி வர வேண்டும். அதில் சந்தேகம் உள்ளவர் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திருச்சி_டவர்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இந்திய ஐஆர் உயிரோடு இருக்கும்போதே போனால் ஐஆர் பயிற்சி மிச்சமாகுமா? ஃபிளைட் பிளானிங் மாதிரித் தேர்வில் எரிபொருள் விடை எப்போதும் கொஞ்சம் தள்ளியே வருகிறது, எங்கே தவறுகிறேன்?

ரன்வே27:
வெளிநாட்டு ஐஆர் வைத்திருப்பவருக்குப் பயிற்சியை முழுதாகத் தள்ளுபடி செய்யும் வழி ஒன்று உண்டு. ஐஆர் செல்லுபடியாக இருக்க வேண்டும், ஐஎஃப்ஆர்-இல் (கருவிப் பறப்பு விதிகளின்கீழ்) பிஐசி-யாக 50 மணியும் வேண்டும். அப்போதும் ஸ்கில் டெஸ்ட் உண்டு. பள்ளியிலிருந்து புதிதாக வந்தவரிடம் அந்த 50 மணி இருக்காது. உங்களுக்கு ஏற்றது சிபிஐஆர் (திறன் அடிப்படையிலான ஐஆர் பயிற்சி). ஒற்றை இன்ஜினுக்கு 40 மணி, மல்டி இன்ஜினுக்கு 45 மணி இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி. இந்தியாவில் பயிற்றுநரோடு பறந்த இன்ஸ்ட்ருமென்ட் நேரத்தில் பெரும்பகுதியை இதில் கழிக்கலாம், ஆனால் ஏடிஓ-வில் விமானத்திலேயே குறைந்தது 10 மணி பறக்க வேண்டும். ஐந்து மாதத்துக்குள் ஓட வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். தேர்வுகளை நிதானமாக முடியுங்கள்.

எரிபொருள் விடை தள்ளுவதற்குக் காரணம் அநேகமாக கேப் 697 என்ற ஃபிளைட் பிளானிங் கையேட்டின் ஜெட் வரைபடம். கீழே தூரத்தில் நுழைந்து மேலே போகும்போது முதலில் காற்றுக்கான ரெஃபரன்ஸ் லைன் வரும். அங்கே நின்று, சாய்கோட்டை ஒட்டி உங்கள் எதிர்க்காற்று அளவுக்கு நகர்ந்து, அதற்குப் பிறகுதான் உயரக் கோட்டுக்கு ஏற வேண்டும். நேராக ஏறினால் காற்றே இல்லாத விடை வரும், அதுவும் நான்கு விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். அடுத்த கட்டத்தில் கேட்பது லேண்டிங் எடை. டேக்ஆஃப் எடையைப் போட்டாலும் இதே மாதிரித்தான் தள்ளும். பென்சிலைக் கூராக வைத்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டம்_8_8:
ஒன்று விட்டுப்போயிற்று. ஏர்லைன் டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான ரகத்துக்கான தகுதி) போவதென்றால் அட்வான்ஸ்டு யூபிஆர்டி (விமானம் நிலைகுலைவதைத் தடுத்து மீட்கும் பயிற்சி) கட்டாயம்: 5 மணி வகுப்பு, 3 மணி பறப்பு. எம்சிசி (விமானிகள் குழுவாக இயக்கும் பயிற்சி) தனி: 25 மணி வகுப்பு, 20 மணி சிமுலேட்டர். இரண்டையும் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் தேர்வுக்கு ஒரு பயணம், பறப்புக்கு ஒரு பயணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீண்ட பயிற்சிக்கு அந்த நாட்டின் நீண்டகால விசா தேவைப்படும். உரிமம் கிடைத்தாலும் வேலை அனுமதி அதோடு வராது. பிரிட்டன் உரிமம் 2021 முதல் இயாசா கணக்கில் வெளிநாட்டு உரிமம்தான், எனவே "லண்டனில் எடுத்தால் ஐரோப்பா முழுக்கச் செல்லும்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.