நைட் மெயில்ல சீபாப் மெஷின் பற்றரியில ஓடுமா?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்லீப் அப்னியா (நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாற வருத்தம்), கொழும்பு கோட்டையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு ரயில்ல கூட்டிக்கொண்டு போகோணும், மாஸ்க்கால காத்து அடிக்கிற சீபாப் மெஷின் இல்லாம படுக்க விட எனக்குப் பயமா இருக்கு. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் காணுமா?

பதில்: அக்கா, அது 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட் அவர்தான் (வாட் அவர் எண்டா பற்றரி கொள்ளுற மின்சார அளவு). முதல்ல காத்தை ஈரமாக்கிற ஹியுமிடிஃபையரையும் சூடாகிற டியூபையும் நிப்பாட்டுங்கோ, கரண்டை நிறையத் தின்னுறது அதுகள்தான். அதுக்குள்ள இருக்கிற தண்ணியையும் வெளியில ஊத்திப்போடுங்கோ, ரயில் ஆடேக்க மெஷினுக்குள்ள போயிடும். பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்கிற இன்வெர்ட்டர் வேண்டாம், பற்றரியில இருந்து நேரா மெஷினுக்குப் போற டீசி வயர் எடுங்கோ.

பதில்: வோல்டேஜ் பாருங்கோ! ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 எண்ட சீபாப் மெஷினுக்கு 24 வோல்ட் வேணும். அம்மாவுக்கு நாங்கள் வீட்டிலயே ஒரு இரவு ஓட்டிப் பார்த்தம், விடிய 4 மணிக்கு நிண்டுட்டுது, பிறகுதான் பெரிய பற்றரி வாங்கினது.

பதில்: பிளேன்ல போறதெண்டா, பற்றரி 100 வாட் அவருக்கு மேல இருந்தா எயார்லைன்ல முதலே கேளுங்கோ, பற்றரி கைப்பையில மட்டும்.