லெக் ஹேண்டில் சுற்ற இடமில்லாத ட்ரைலர், சைடு கார்டை அறுக்கலாமா?

தூத்துக்குடி லைன்
போன மாதம்தான் பட்டறையிலிருந்து வந்த நாற்பதடி கன்டெய்னர் ட்ரைலர். தூத்துக்குடி ஹார்பருக்கும் திருப்பூருக்கும் ஓட்டுகிறேன். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, ஆனால் லேண்டிங் லெக் (முன்வண்டியைக் கழற்றினால் ட்ரைலரின் முன்பக்கத்தைத் தாங்குகிற கால்) இறக்குவதற்குள் உயிர் போய் வருகிறது. ஹேண்டில் சுற்றுகிற இடத்துக்கு நேர் குறுக்கே சைடு கார்டு (பக்கவாட்டுத் தடுப்பு) பைப்பை ஓட விட்டிருக்கிறார்கள். முழுச் சுற்று வராது, கால் சுற்று சுற்றி ஹேண்டிலை உருவி மறுபடி மாட்ட வேண்டும். கையுறை போட்டும் விரல் முட்டியில் தோல் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. இந்த லெக்கில் ஹேண்டில் மாட்டுகிற தண்டை வெளியே இழுத்தால்தான் லோ கியர் விழும் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இதில் இப்படி). பைப் தடுப்பதால் முழுசாக இழுக்க முடியவில்லை. காலி வண்டியை ஹை கியரிலேயே சமாளித்துவிடலாம். முந்தாநாள் லோடோடு கழற்றி நிறுத்தியிருந்தேன், யார்டு மண்ணில் லெக் இரண்டு அங்குலம் புதைந்து ட்ரைலரின் மூக்கு இறங்கிவிட்டது. லோ கியரில் தூக்காமல் முன்வண்டியை அடியில் விட முடியாது. முகம் தெரியாத இரண்டு டிரைவர்கள் வந்து கை கொடுத்தார்கள், இல்லாவிட்டால் ராத்திரி அங்கேதான்.

பைப்பை அறுத்தால் எஃப்.சி.யில் பிடிப்பார்களா? ஓனரிடம் சொன்னால் "எல்லா வண்டியும் அப்படித்தான்" என்கிறார்.

பழைய பதினாலு டயர்
அவசரப்பட்டு அறுக்காதே தம்பி. பைக்காரன் பின் சக்கரத்துக்கு அடியில் போகாமல் இருக்கத்தான் அந்த பைப், எஃப்.சி.க்காக மட்டும் இல்லை. நான் முன்னே ஓட்டின வண்டியில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கீல் வைத்து, பின் போட்டுக் கொடுத்தார்கள். பின்னை உருவினால் பைப் மேலே மடங்கும், வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம். பின்னைச் சங்கிலி போட்டுக் கட்டி வை, ஒரு வாரத்தில் தொலைந்துவிடும்.

இதைவிடக் கொடுமை ஸ்டெப்னி. சேசிஸுக்கு நடுவில் தொங்க விடுகிறார்கள், எடுக்க மல்லாந்து படுத்துத் தவழ வேண்டும். டிஸ்க்கோடு சேர்த்து நூறு கிலோ பக்கம் வரும். பஞ்சர் என்ன சமதரையிலா ஆகிறது? டிசைன் போட்டவரை ஒரு மழை நாளில் கூட்டி வந்து அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

வெல்டிங் புகை
பட்டறை வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், திட்ட வேண்டாம். லெக் ரெடிமேடாக வரும், அதை மாட்டுகிறவர் ஒருவர். சைடு கார்டு கடைசியில், பெரும்பாலும் டெலிவரிக்கு முந்தின நாள், வேறொருவர் நீளமாக ஒரே பைப்பாக ஓட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் யாரும் ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பட்டறையில் ட்ரைலர் ஸ்டாண்டு மேல் நிற்கிறது, லெக்குக்கு வேலையே இல்லை.

உங்கள் விஷயத்தில் அந்த பைப் அவ்வளவு முன்னால் வரவே தேவையில்லை. சைடு கார்டுக்கான ஐரோப்பாவின் ஆர்.73 விதியில், லெக் உள்ள செமி ட்ரைலருக்கு சைடு கார்டின் முன்முனை லெக்கின் மையத்திலிருந்து 250 மில்லிமீட்டர் வரை பின்னால் தள்ளித் தொடங்கலாம். நம்முடைய இந்தியத் தர விதி ஐ.எஸ். 14682 அதை ஒட்டி வந்ததுதான். ஆகவே லெக்குக்கு முன்னால் நீட்டியிருப்பது சும்மா அழகுக்கு. எதற்கும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள். முனையை அப்படியே கூராக விடாமல் உள்பக்கம் வளைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஹேண்டில் ஒரு அடிக்கு மேல் நீளம் என்றால் பின்பக்கம் இன்னும் இடிக்கும், அந்தத் துண்டுக்குப் பெரியவர் சொன்ன கீல்.

மூணு வண்டி
நான் ஓனர். புது வண்டியில் கேஸ் கட்டரால் வெட்டு விழுந்தால் எனக்கும் வயிறு எரியும்தான். ஆனால் டெலிவரி எடுக்கும்போது டிரைவரைக் கூட அழைத்துப் போகாதது எங்கள் தப்பு. போன முறை நடு ட்விஸ்ட் லாக் (பெட்டியை சேசிஸோடு பூட்டுகிற பூட்டு) நாலும் கீழே இறங்காத சேசிஸை அப்படித்தான் வாங்கி வந்தேன், நாற்பதடி பெட்டி ஏற்றும்போதெல்லாம் சுத்தியல்தான். சரி, டிரைவர்களும் லெக் ஹேண்டிலைத் தொலைத்துவிட்டு கம்பியைச் செருகிச் சுற்றாதீர்கள், தண்டு போய்விடுகிறது.

தூத்துக்குடி லைன்
எல்லாருக்கும் நன்றி. டேப் பிடித்துப் பார்த்தேன், லெக் மையத்துக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் நீட்டியிருக்கிறது. ஓனரை ஷெட்டுக்கு வரவழைத்து "நீங்களே ஒரு தடவை இறக்கிப் பாருங்கண்ணே" என்று ஹேண்டிலைக் கையில் கொடுத்தேன். நாலாவது தடவை சுற்றும்போது பைப்பில் இடித்துக்கொண்டு, பட்டறைக்காரனுக்கு போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெட்டி, பின்பக்கத் துண்டுக்குக் கீலும் வைக்கிறோம், இன்ஸ்பெக்டரை நாளைக்கே பார்க்கிறேன்.

யார்டு மண்ணுக்கு லெக் அடியில் என்ன போடுகிறீர்கள்? பலகை வைத்தேன், இரண்டே நாளில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.