கம்பிச் செருப்பை விட்ட ஆறு வாரங்கள்

எங்கள் இளைய மகன் பிறந்தபோது அவனுடைய வலது பாதம் உட்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. கிரகணத்தன்று நான் வாசலுக்குப் போனதுதான் காரணம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த வளைபாதம் வருகிறது, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை, தாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எலும்பியல் மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பத்தாம் நாளில் மாவுக்கட்டு தொடங்கியது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் பொன்செட்டி வகுத்த முறை இது. வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பி, தொடை வரை கட்டுப் போடுவார்கள். முதல் கட்டுக்குப் பின் பாதம் முன்னைவிடக் கோணலாகத் தெரிந்ததைக் கண்டு பதறிவிட்டேன். உள்ளங்கால் குழிவை முதலில் நேராக்கினால் அப்படித்தான் தெரியுமாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆறு கட்டுகளுக்குப் பிறகு, மரத்துப்போக ஊசி போட்டுக் குதிகால் தசைநாரை நறுக்கி, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டைப் போட்டார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. இரண்டு செருப்புகளையும் ஒரு கம்பியால் இணைத்த சாதனத்தை முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். பத்தாம் மாதத்தில் காய்ச்சல் வந்தபோது, “பச்சப் புள்ளைக்கு விலங்கு மாட்டாதேம்மா” என்று மாமியார் கண்கலங்கினார். எனக்கும் மனம் தளர்ந்து, ஆறு வாரங்கள் அதை எடுத்து வைத்துவிட்டேன். கட்டிலைப் பிடித்து அவன் எழுந்து நின்ற அன்று வலது குதிகால் தரையில் படவே இல்லை. மறுபடியும் மூன்று மாவுக்கட்டுகள்.

புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு என் கைப்பழக்கத்தைச் சொல்கிறேன். வளைந்திருந்த காலை முதலில் மாட்டுங்கள். காலுறையில் சுருக்கம் இல்லாமல் நீவிவிடுங்கள். குதிகால் செருப்பின் அடியில் பதிந்ததா என்று பார்த்த பிறகே வாரை இறுக்குங்கள். குழந்தை அழுதால் கம்பியைப் பிடித்து இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். சேர்த்து உதைக்கப் பழகிவிட்டால் அழுகை அடங்கிவிடும். இப்போது நான்கு வயதாகும் என் மகன், இரவில் பாய் விரித்ததும் தானாகவே வலது காலை நீட்டுகிறான்.